ஏணியைக் கண்டால் பளிச்சென்று எரிந்த விளக்குகள்

போன மாதம் ஸ்டோரிலிருந்து பிரகாஷ் போன் பண்ணினான். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த எலக்ட்ரீஷியன் அவன். சல்லடை அறையிலிருக்கும் டியூப் லைட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுகிறார்களாம்.

"அண்ணே, காம்பு பொறுக்குற மேசைக்கு மேல ஒரு சென்சர் இருக்குல்ல, அது ஏன் கழுத்தைத் திருப்பிக்கிட்டு நடைபாதையப் பாக்குது? யாரு இப்படி மாட்டுனது?"

"நான்தான்டா."

"ஏங்கண்ணே?"

"போன்ல சொல்ற கதை இல்ல அது. பசறை வீட்டுக்கு வா, ஒரு டீ வாங்கிக் குடு, சொல்றேன்."

அவன் வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்க நேரமிருக்கிறது, பதிலுக்கு பஸ் ஏற நேரமில்லை. எனக்கோ சொல்லத் தொடங்கிய கதையைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் ரேடியோக் கடையில் ஈயம் பற்றவைக்கவும், ஷாக் அடித்தால் அடிக்காத மாதிரி வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை. போனவன் தலை நரைத்துத்தான் திரும்பி வந்தேன்.

அருளானந்தம் ஐயாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்தான் டீ மேக்கர். ஸ்டோருக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு. ஊரே நீளக் காற்சட்டைக்கு மாறிவிட்ட காலத்திலும் அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக் காற்சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை என்றுதான் வருவார். தூள் பறக்கிற இடத்தில் ஒரு மனிதர் நாள் முழுக்க வெள்ளையாகவே இருப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஐயா மனிதர்களைத் திட்டமாட்டார். அது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைப்பு. இயந்திரங்களைத்தான் திட்டுவார், ஆனால் சம்பந்தப்பட்ட ஆள் பக்கத்தில் நிற்கிற நேரம் பார்த்துத் திட்டுவார். கொழுந்தை உருட்டுகிற ரோலரை ஓட்டுகிறவன் தாமதமாக வந்தால் ரோலரின் முன்னால் போய் நிற்பார். "என்னாப்பா, நேத்து ராத்திரி தண்ணியா? கண்ணெல்லாம் செவந்திருக்கே" என்று ரோலரைக் கேட்பார். ஓட்டுகிறவன் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிரமாட்டான். பாராட்டும் அதே வழியில்தான் வரும். ஒருமுறை எரிந்துபோன மோட்டார் ஒன்றை நான் ஒரே நாளில் ஓட வைத்தேன். ஐயா வந்து மோட்டாரைத் தட்டிக்கொடுத்து, "நீ கெட்டிக்காரன்ப்பா" என்றார். வீட்டுக்குப் போய் என் சம்சாரத்திடம் பெருமையாகச் சொன்னேன். "மோட்டாரத்தானே சொன்னாரு" என்றாள் அவள்.

இன்னொரு நாள் நான் ஏணி மேல் நின்று ஸ்டார்ட்டரைத் திருகியபோது அதன் பிளாஸ்டிக் மூடி நொறுங்கிக் கீழே விழுந்தது. விழுந்த இடம் முதல் தரத் தூள். அந்த மேசைத் தூள் முழுவதையும் மறுபடி சலிக்க வேண்டியதாயிற்று. ஐயா ஏணிக்கு முன்னால் வந்து நின்றார். "உன்னை நம்பி உள்ள விட்டேன். நீ மனுசன் குடிக்கிற சாமான்ல குப்பையப் போடுற. வெக்கமா இல்ல ஒனக்கு?" ஏணி பேசாமல் நின்றது. நானும் பேசாமல் நின்றேன். அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது: ஏணி உள்ளே வந்தால் தூள் வெளியே போக வேண்டும். நான் ஏணியோடு வாசலில் தலை காட்டினாலே போதும், பெண்கள் தூளை அள்ளி மூடி, விரிப்பைச் சுருட்டி, மேசையை வெறும் பலகையாக்கிவிட்டுத் தள்ளி நிற்பார்கள். இந்தச் சட்டத்தை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைக்காததால் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

பழைய டியூப் லைட் எனக்கு மச்சான் முறை. எரியாவிட்டால் ஸ்டார்ட்டரைத் திருகு, அப்பவும் எரியாவிட்டால் டியூப்பைத் திருகு, அப்பவும் மசியாவிட்டால் செல்லமாக ஒரு தட்டு. சாகும்வரை எந்த டியூப்பையும் நாங்கள் எறிந்ததில்லை. சல்லடை அறையில் ஓரம் கறுத்தது கொழுந்து வாட்டுகிற மாடிக்குப் போகும். அங்கே சிமிட்டத் தொடங்கினால் விறகுக் கொட்டகைக்குப் போகும். விறகுக்கு வெளிச்சம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு கம்பெனி கரண்டை மிச்சம் பிடிக்கத் தீர்மானித்தது. டியூப் அதேதான். இரும்பு சோக்கும் ஸ்டார்ட்டரும் போய், நீளமாக ஒரு தகரப் பெட்டி வந்தது. எலக்ட்ரானிக் பேலஸ்ட் என்றார்கள். அதைப் பொருத்தவும் எனக்குப் பழக்கவும் கொழும்பிலிருந்து நிலந்தி மிஸ் வந்தார். சின்ன வயது, பொறுமையான எஞ்சினியர். பெட்டியைத் திறந்து விரல் நகத்தளவு ஒரு கறுப்புச் சில்லைக் காட்டி, இதுதான் மைக்ரோகன்ட்ரோலர், இதுதான் யோசிக்கும் என்றார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த தோட்டக் கணக்கில் மாற்றிக்கொண்டேன்: பெட்டிக்குள்ளே ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். டியூப்பை எழுப்புமுன் இரண்டு முனையிலும் இழையைச் சூடாக்குவான். எழும்பாத டியூப்பை இரண்டு மூன்று தரம் எழுப்பிப் பார்ப்பான், அப்புறம் விட்டுவிடுவான். நீ தட்டினாலும் திருகினாலும் திரும்பிப் பார்க்கமாட்டான், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி வேலைக்கு வருவான். வெளிச்சத்தைக் குறைக்க, டியூப்புக்குப் போகிற கரண்டின் துடிப்பை இன்னும் வேகமாக்குவான். வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். இதை மட்டும் நான் மிஸ்ஸிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அவர் ஒரே பதிலைச் சொன்னதால் நம்பிவிட்டேன்.

புது டியூப்பை மாட்டியவுடன் மங்கவிடக்கூடாது, நாலைந்து நாள் முழு வெளிச்சத்தில் எரியவிட்டுப் பழக்க வேண்டும் என்றும் மிஸ் சொல்லியிருந்தார். பட்டப்பகலில் சல்லடை அறை ஜெகஜோதியாக எரிவதைப் பார்த்துத் தோட்டத்து மேனேஜரான தொரை உள்ளே வந்தார்.

"கரண்டை மிச்சம் பிடிக்கத்தானே இதை வாங்குனோம்?"

"பழக்குறோம் தொரை."

"எதை?"

"டியூப்பைங்க தொரை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த வாரம் என்னைப் பற்றி பங்களாவில் என்ன பேசினார்களோ தெரியாது.

காம்பு பொறுக்குகிற மேசைகளுக்கு மேலே, கூரையில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சென்சர் பொருத்தினோம். அது கீழே மேசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மேசை வெளிச்சமாகத் தெரிந்தால் விளக்கைக் குறைக்கச் சொல்லும், இருட்டாகத் தெரிந்தால் கூட்டச் சொல்லும். எல்லாம் பையப் பைய நடக்கும், கண்ணுக்கே தெரியாது. மிஸ் இதையும் விளக்கமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மேசைகளின் தலைமை ராமாயி அக்கா. காம்பை எடுக்க இயந்திரம் உண்டு, ஆனால் முதல் தரத் தூளில் கடைசியாக மிஞ்சுகிற காம்பையும் நாரையும் கைதான் எடுக்க வேண்டும். கறுத்த தூளுக்குள் செம்மண் நிறத்தில் மயிரளவு கிடப்பதைக் கண்டு பொறுக்க வேண்டும். ராமாயி அக்கா பேசிக்கொண்டே பொறுக்குவாள், சிரித்துக்கொண்டே பொறுக்குவாள், அவள் கை தாண்டி ஒரு காம்பு போனதில்லை. முழங்கால் தேய்ந்து மலையில் ஏற முடியாமல் போனதால்தான் கொழுந்து எடுப்பதிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அட்டைக் கடி இல்லாத, மழை விழாத அந்த மேசையை அவள் சாமி மாதிரி பார்த்துக்கொண்டாள். மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்த துணியை மேசையில் விரித்து, அதன் மேல்தான் தூளைப் பரப்புவார்கள். மற்ற ஸ்டோர்களில் அந்தத் துணி தேயிலைக் கறை ஏறிப் பழுப்பாய்க் கிடக்கும். ராமாயி அக்காவின் துணியைக் கல்யாணப் பந்தியில் போடலாம்.

புது விளக்கு வந்து சில வாரங்களில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வெளிச்சம் காணாது. கண்ணைக் கசக்கிக்கிட்டே பாக்க வேண்டியிருக்கு."

ஏணியோடு போனேன். தூளை மூடினார்கள், துணியைச் சுருட்டினார்கள், தள்ளி நின்றார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தால் எல்லா டியூப்பும் பளிச்சென்று எரிகிறது.

"நல்லாத்தானே எரியுதுக்கா?"

அவளும் அண்ணாந்து பார்த்தாள். "இப்ப எரியுது" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். மறுபடி ஏணி, மறுபடி பளிச். வோல்டேஜ் பார்த்தேன், சரி. டியூப்பை மாற்றினேன். ஒரு பெட்டியையே மாற்றினேன். நான் இருக்கும்வரை எரியும், போன பிறகு மங்கும் என்றார்கள். பக்கத்து மேசைக் கமலா, "அண்ணனைக் கண்டா அதுக்குப் பயம்" என்றாள். வெளியே முறைத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் என்னைக் கண்டு பூனைகூட எழுந்து வழிவிடாது.

கடைசியில் நிலந்தி மிஸ்ஸே வந்தார். லேப்டாப்பை ஏணிப் படியில் வைத்துக்கொண்டு அரை நாள் பார்த்தார். விளக்குகள் நல்ல பிள்ளையாக எரிந்தன. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மலைப் பாதை பஸ்ஸை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி போனார்.

விளக்கில் குற்றமில்லை என்றால் வேறு யாரிடமோ குற்றம் இருக்க வேண்டும். ராமாயி அக்கா தன் துணியைச் சந்தேகப்பட்டாள். அழுக்கேறியதால்தான் காம்பு கண்ணுக்குப் படவில்லை என்று தினமும் பீலித் தண்ணீரில் அடித்துத் துவைத்தாள். போதாதென்று நீலம் போட்டாள். துணி கண்ணைப் பறித்தது, ஆனாலும் காம்பு தெரியவில்லை. மற்றவர்கள் அவள் கண்ணைச் சந்தேகப்பட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் தூளை ஏலம் விடுகிற கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. எங்கள் முதல் தரத் தூளில் காம்பு கிடக்கிறதாம், இது முதல் தரமே இல்லையாம். தொரை ஐயாவிடம் கத்தினார். ஐயா ராமாயி அக்காவைப் பதுளைக்குக் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடிகூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் ஒரு ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். வெயிலில் நின்று கோத்தாள், அது வேறு விஷயம்.

மறுபடியும் காம்பு என்று தகவல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஐயா அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ராமாயி அக்கா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தாப்பா," என்றார் மேசையிடம், "ஒனக்குக் கண்ணு போயிருச்சு. ஒன்னை வச்சுக்கிட்டு நான் தொரைகிட்ட பதில் சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போயிரு."

பெரட்டு என்றால் விடிகாலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். ஒரு மேசை பெரட்டுக்குப் போகாது என்று எல்லோருக்கும் தெரியும். ராமாயி அக்கா நிமிரவே இல்லை. அந்த முழங்காலோடு அவள் மடுல்சீமை மலையில் எப்படி ஏறுவாள் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்த நானும் கேட்கவில்லை.

மத்தியானம் பொறுக்க முடியாமல் அவளைப் பார்க்கப் போனேன். தொழிற்சங்கத் தலைவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் போனேன், அதனால் கையில் ஒன்றுமில்லை. புது விளக்கு வந்த பிறகு ஏணி இல்லாமல் நான் அந்த மேசைப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. என்னை யாரும் பொருட்படுத்தவில்லை, தூளையும் மூடவில்லை. கிட்டப் போன பிறகுதான் பார்த்தேன். மேலே டியூப்கள் சோர்ந்துபோய் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. கீழே ராமாயி அக்கா முகத்தைத் தூளோடு ஒட்டிவைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் இந்த இருட்டிலா இவளை உட்கார வைத்தோம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"யாருப்பா அங்க, ஏணியக் கொண்டாங்க" என்று கத்தினேன்.

ஏணி என்றதும் கமலா வழக்கம்போலத் தூளை அள்ளினாள், துணியைச் சுருட்டினாள். ஏணி இன்னும் வாசலுக்கே வரவில்லை. விளக்குகள் மெதுவாகப் பிரகாசமாகத் தொடங்கின.

எனக்கு என்னவோ புரிகிற மாதிரி இருந்தது. "கமலா, அந்தத் துணியைத் திரும்ப விரி."

"ஏணி வருதேண்ணே?"

"ஏணி கெடக்கட்டும். விரி."

விரித்தாள். நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றோம். ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் விளக்கு மங்கியது. "எடு" என்றேன். கூடியது. "விரி." மங்கியது. நாலாவது தடவை கமலா, "எனக்குக் கை வலிக்குது, நீங்க விரிங்க" என்று துணியை என் தோளில் போட்டாள்.

நிலந்தி மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது. வெள்ளைத் துணி வெளிச்சத்தை மேலே திருப்பி அடிக்கிறது. சென்சர் அதைப் பார்த்து, மேசையில் தேவைக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது என்று குறைக்கிறது. ஆனால் நான் வந்தபோது மேசையில் துணி இல்லையே?"

"ஏணி உள்ள வந்தா தூள் வெளிய போகணும் மிஸ். துணியும் கூடவே போயிரும்."

அவர் மறுபடி சிரித்தார். அப்புறம், அடுத்த வாரம் தானே வந்து கணக்கைத் திருத்துவதாகவும், அதுவரை சென்சர் மேசையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கட்டும் என்றும் சொன்னார். நான் அதன் கழுத்தைத் திருப்பி நடைபாதையைப் பார்க்க வைத்தேன். அங்கே கறுப்புச் சிமெந்துத் தரைதான். விளக்குகள் முழுதாக எரிந்தன.

ராமாயி அக்கா எழுந்து வந்தாள். துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் தொவைக்கத் தொவைக்கத்தான் இருட்டாச்சா தம்பி?"

"ஆமாக்கா."

"நீலம் வேற போட்டேனே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ள அந்தத் துணியைத்தான் எடுத்தாள். கமலா பிடுங்கி வைத்தாள்.

நான் போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொண்டையைக் கனைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். பெரட்டுக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையில் ராமாயி அக்கா பெரட்டுக்குப் போகவில்லை. நேரே ஸ்டோருக்கு வந்து துணியை விரித்து உட்கார்ந்துவிட்டாள். "பேரு கூப்புட்டா கூப்புடட்டும்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, நிமிஷத்துக்கொரு தரம் வாசலைப் பார்த்தாள். நான் வேலையில்லாமலே அந்த அறையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஐயா வந்தார். அன்றைக்குத்தான் சலவையிலிருந்து வந்த உடுப்பு, மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. மேசைக்கு எதிரே நடைபாதையில் வந்து நின்று விளக்கு வரிசையை அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"இந்தாப்பா," என்றார் விளக்கிடம், "நேத்துத்தான் எனக்கு விஷயம் தெரிஞ்சிச்சு. ஒன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷமா ஒழுங்கா வேலை செய்யிற ஆளு நீ."

அந்த விளக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ஒன்னைப் போயி கண்ணு தெரியாதுன்னு நாலு பேரு முன்னால சொன்னது..."

அவர் பேசப் பேச அறை மங்கிக்கொண்டு வந்தது. ஐயா கவனிக்கவில்லை. ராமாயி அக்கா கையில் எடுத்த காம்போடு நிமிர்ந்தாள்.

"ஐயா, அதுக்கிட்ட சொல்லாதீங்க. நீங்க சொல்லச் சொல்ல வெளிச்சம் போகுது."

ஐயா சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சென்சரைக் காட்டினேன், அப்புறம் தயங்கித் தயங்கி அவருடைய சட்டையைக் காட்டினேன்.

"இங்கிட்டு வாங்க ஐயா," என்றாள் ராமாயி அக்கா. "வந்து என்கிட்டயே சொல்லுங்க."

ஐயாவிடம் அந்த ஸ்டோரில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் நடைபாதையிலிருந்து இறங்கி மேசைப் பக்கம் வந்தார். விளக்குகள் மெல்ல ஏறி முழு வெளிச்சத்துக்கு வந்தன. அவருடைய முகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு தரம் கனைத்தார். மேசையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

"ராமாயி, தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்க. நீ எங்கயும் போக வேணாம்."

"சரிங்க ஐயா," என்றாள் அவள். மறுபடி குனிந்துகொண்டாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூள் மேல நெழலு விழுது."

ஐயா தள்ளி நின்றார்.

அடுத்த வாரம் நிலந்தி மிஸ் வந்து சென்சரைப் பழையபடி திருப்பட்டுமா என்று கேட்டபோது பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஐயா வந்து நின்றால் குனிந்த தலை நிமிராமலே தெரிந்துவிடுகிறதாம். பிரகாஷ், அதனால்தான் அது நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கழற்றுகிற அன்றைக்கு ஏணியை உள்ளே கொண்டுபோகுமுன், வயதாகியும் அந்த மேசையை விடாத ராமாயி அக்காவிடம் சொல்லிவிடு, தூளை மூட வேண்டும்.